ஏழு வயதில் பின்னக் கணக்கு போடுகிறாள், தோற்றால் அழுகிறாள்

முதலியார்பேட்டை அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு. பின்னம், தசமம் எல்லாம் தானாகவே போடுகிறாள். ஆனால் கேரம்போர்டில் தோற்றால் காயை வீசுகிறாள், சின்னத் தப்பு வந்தாலும் தாளைக் கிழிக்கிறாள். தோழி என்று யாரும் இல்லை. டபுள் புரமோஷன் தரலாம் என்கிறது பள்ளி. சம்மதிக்கலாமா?

மஞ்சக்குப்பம்:
கணக்கில் பத்து வயது, கோபத்தில் ஏழு வயது. இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் இது சகஜம்தாங்க. தாளைக் கிழிப்பது பெரும்பாலும் நாம் கொடுக்கும் பட்டத்தால். "நீ புத்திசாலி" என்றே கேட்டு வளர்ந்தால், ஒரு தப்பு வந்ததும் அந்தப் பட்டமே போய்விட்டதாகத் தோன்றும். 1998இல் ம்யூலர், ட்வெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது இதுதான்: புத்தியைப் புகழ்ந்தால், கடினமான புதிரில் சறுக்கியதும் மேலே முயல மனசில்லை, உழைப்பைப் புகழ்ந்தால் விடாமல் முயன்றார்கள். "ரெண்டு வழியில போட்டுப் பார்த்தியே" என்று அவள் செய்ததைச் சொல்லுங்கள்.

கேரத்தைக் கொஞ்ச நாள் ஓரம் வையுங்கள். முதலில் பரமபதம், அதில் தோற்க வைப்பது தாயக்கட்டைதான், அவள் திறமை இல்லை. பிறகு பல்லாங்குழி, தினம் இரண்டே ஆட்டம். வேண்டுமென்று விட்டுக்கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள். அழும்போது புத்திமதி ஏறாது. சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள். சட்டென்று வராத ஒன்றும் வேண்டும்: நீச்சல், சிலம்பம், எதுவானாலும். முதல் வருஷம் போட்டிக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

லாஸ்பேட்டை:
டபுள் புரமோஷனுக்கு அவசரப்படாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூளை ஓடும் வேகத்துக்குக் கை ஓடாவிட்டால், மேல் வகுப்பில் நோட்டு முடிக்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும். கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரவைக்கக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளரிடம் மிசிக் (இந்தியப் பிள்ளைகளுக்கான நுண்ணறிவுச் சோதனை) சோதனையும் செய்துவிடுங்கள். ஆறு வயதிலிருந்தே செய்யலாம். காலையில், தூங்கி எழுந்த தெளிவில். மொத்த எண்ணோடு நிற்காமல் மொழிப் பகுதி, செயல் பகுதி மதிப்பெண்களைத் தனித்தனியாக வாங்குங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள்.

தோழிக்குக் கூட்டம் வேண்டாம். ஒரே பிள்ளை, ஒரு மணி நேரம், கைக்கு வேலை. தாவரவியல் பூங்காவில் உதிர்ந்த இலை பொறுக்கி ஒட்டுவது போதும். செஸ்ஸுக்குப் பெரிய பிள்ளைகள், நொண்டிக்குச் சம வயது என்று பிரித்தால் இரண்டு பக்கமும் பழகுவாள்.

வில்லியனூர்:
ஒன்று விட்டுப்போனது. சத்தம், சட்டை லேபிள் தாங்காமை, ஒரே விஷயத்தையே பேசுவது, எதிரில் இருப்பவர் சலித்தது தெரியாமை, இவையும் சேர்ந்திருந்தால் உளவியலாளரிடம் சொல்லுங்கள். கெட்டிக்காரத்தனமும் ஆட்டிசமும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். மார்க் நன்றாக வருவதால் இரண்டாவது பல வருஷம் கண்ணில் படாமலே போகும்.