கன்சோலில் தப்பாகத் தட்டினால் ஸ்விட்ச் உறைந்துவிடுகிறது, கன்ட்ரோல் சி-க்கும் அசையவில்லை

புதுக்கேபிள்:
வணக்கம். நெட்வொர்க் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சிஸ்கோ 2960 ஸ்விட்சில் கன்சோல் கேபிள் போட்டு, புட்டி என்ற டெர்மினல் மென்பொருள் வழியாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவசரத்தில், அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் மோடுக்குப் போகிற 'கான்ஃப் டி' கட்டளையை இடைவெளி விடாமல் சேர்த்து அடித்துவிட்டால் 'ட்ரான்ஸ்லேட்டிங்' என்று ஒரு வரி, பக்கத்தில் 255.255.255.255 என்று ஒரு முகவரி, அவ்வளவுதான், அரை நிமிடத்துக்கு மேல் எதை அழுத்தினாலும் பதில் இல்லை. கன்ட்ரோல் சி பலமுறை அழுத்திவிட்டேன். ஸ்விட்ச் பழுதா, நான் பழுதா?

பழையகன்சோல்:
இரண்டும் இல்லை தம்பி. அதற்குத் தெரியாத ஒற்றைச் சொல்லை அடித்தால், அது ஏதோ ஒரு கணினியின் பெயர், நீங்கள் அதற்கு டெல்நெட் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கருவிக்குள் நுழைவது) போகப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயருக்கு ஐபி தேட வேண்டுமே, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் எதுவும் சொல்லி வைக்காததால் 255.255.255.255-க்கு, அதாவது பொத்தாம்பொதுவாக எல்லாருக்கும் கூவிவிட்டுக் காத்திருக்கிறது. கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு 6-ஐ அழுத்துங்கள், நின்றுவிடும். பதில் வராத பிங், 30 ஹாப் (வழியில் உள்ள கருவிகள்) வரை இழுக்கும் ட்ரேஸ்ரூட், எல்லாவற்றையும் நிறுத்த இதே சாவிதான்.
நிரந்தரமாகத் தீர, கான்ஃபிக் மோடில் 'நோ ஐபி டொமைன் லுக்கப்'. பழைய பதிப்புகளில் கடைசி இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஹைஃபன் வரும், கேள்விக்குறி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரேக்ரூம்:
லேபில் சரி அண்ணா, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சில் அப்படி நிறுத்த வேண்டாம். நேரம் சொல்லும் என்டிபி சர்வரைப் பெயராகக் கொடுத்திருந்தால் அந்தப் பெயருக்கு ஐபி கிடைக்காமல் போய்விடும். 'லைன் கன்சோல் 0'-க்குள் போய் 'ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்டு நன்' கொடுத்தால் டிஎன்எஸ் அப்படியே இருக்கும், டெல்நெட் போகிற பழக்கம் மட்டும் நிற்கும். தொலைவிலிருந்து நுழையும் விடிஒய் லைன்களிலும் போட வேண்டும்.

புதுக்கேபிள்:
கன்ட்ரோல் ஷிஃப்ட் 6 வேலை செய்கிறது, நன்றி! இன்னொரு தொல்லை. பாதி கட்டளை அடிக்கும்போதே 'இன்டர்ஃபேஸ் அப், டவுன்' என்று செய்தி வந்து நடுவில் விழுகிறது, எதுவரை அடித்தேன் என்றே தெரிவதில்லை.

ரேக்ரூம்:
கன்ட்ரோல் ஆர், அடித்த வரியைக் கீழே திரும்பக் காட்டும். அதே லைனுக்குள் 'லாக்கிங் சிங்க்ரனஸ்' போட்டுவிட்டால் அதுவே செய்துகொள்ளும். நீளமான வரியில் தப்பு என்றால் பேக்ஸ்பேஸைத் தேய்க்காதீர்கள்: கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கம், ஈ கடைசி, டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும். முந்தைய கட்டளைக்கு மேல் அம்பு, அது வேலை செய்யாத டெர்மினலில் கன்ட்ரோல் பி.

பழையகன்சோல்:
கன்ட்ரோல் இசட் பற்றி யாரும் சொல்லவில்லையே! கான்ஃபிக் மோடிலிருந்து வெளியே வரத்தானே என்று எல்லாரும் அழுத்துவோம். வரியில் சரியான கட்டளை அடித்தபடி இருந்தால் அதை நிறைவேற்றிவிட்டுத்தான் வெளியே வரும். ஒரு இரவு, தொலைவில் இருந்த கிளை அலுவலகத்து அப்லிங்க் போர்ட்டின் (மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) கான்ஃபிக்குக்குள் இருந்தேன், போர்ட்டை அணைக்கும் 'ஷட்டவுன்' அடித்துவிட்டேன், என்டர் தட்டவில்லை, ஐயோ இது வேறு போர்ட் ஆயிற்றே என்று பதறி கன்ட்ரோல் இசட் அழுத்தினேன். செஷன் போயே போய்விட்டது. நல்லவேளை சேமித்திருக்கவில்லை, வாட்ச்மேன் அண்ணனை ஃபோனில் கூப்பிட்டு ஸ்விட்சின் பவர் கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன், பழைய கான்ஃபிக்கோடு எழுந்து வந்தது. மனசு மாறினால் கன்ட்ரோல் சி, அங்கே அது வேலை செய்யும், வரியை விட்டுவிட்டு வெளியே வரும். அதே மோடில் இருக்க வேண்டுமானால் கன்ட்ரோல் யூ போட்டு வரியைத் துடையுங்கள்.

புதுக்கேபிள்:
இன்று காலையில்கூட அப்படித்தான் கன்ட்ரோல் இசட் அழுத்தினேன்... இருங்கள், இப்போது ஓடும் கான்ஃபிக்கைக் காட்டும் 'ஷோ ரன்' போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.