புதுப்பிப்பு: அப்பாவின் இசைத்தட்டுகளை விற்கவில்லை

அப்பாவின் எல்பி தட்டுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது, 'ச', 'ஷ' எல்லாம் கிழிகிறது, பேசாமல் விற்றுவிட்டு டிஜிட்டலோடு நின்றுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் முள்ளைப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனியில் தூசி பஞ்சு மாதிரி சுருண்டிருந்தது. புது முள் போட்டு, அழுத்தத்தை 2 கிராமில் வைத்து, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் திருத்தினேன். கரகரப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் போகாது, அது தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, நடுவை நெருங்கும்போது 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். சிடியில் இந்தத் தொல்லை கிடையாது. முதல் பாட்டோ கடைசிப் பாட்டோ, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுத்த மாதிரிகள்தான்.

அப்புறம், டீஜே வேலைக்குத் தட்டா, லேப்டாப்பா என்று கேட்ட தம்பிக்கு: டைம்கோடு தட்டு வாங்குங்கள். அதில் பாட்டு இருக்காது, வெறும் கீச்சொலிதான். முள் எந்த இடத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்பதை மென்பொருள் அதிலிருந்து படித்துக் கணினியில் உள்ள பாட்டை அப்படியே ஓட்டும். கைக்குத் தட்டின் பிடி கிடைக்கும், பெட்டி சுமக்க வேண்டாம்.

டிஜிட்டலில் எங்கு தேடியும் கிடைக்காத நான்கு தட்டுகளை நானே கணினியில் பதிவுசெய்து வருகிறேன். ஒன்று முடிந்தது.