இரண்டாம் வருஷம் கல்லூரி மாறினால் எம்.எஸ்சி. சேர்க்கையில் சிக்கல் வருமா?

சத்துவாச்சாரி_அக்கா:
தம்பி திருப்பத்தூர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், முதல் வருஷம் முடிக்கிறான். சிஜிபிஏ 8.1, அரியர் இல்லை. வீடு வேலூருக்கு மாறிவிட்டதால் இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்க்கப் பார்க்கிறோம். அது தன்னாட்சி இல்லை. ரெண்டுமே திருவள்ளுவர் பல்கலைதான். ஜாம் (ஐஐடி எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடி, கிடைக்காவிட்டால் வெளிநாடு என்பது அவன் திட்டம். நடுவில் கல்லூரி மாறியதைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்களா?

பாலாற்றங்கரை:
மாறியதற்காக யாரும் ஒதுக்க மாட்டார்கள் மேடம். ஜாமில் ரேங்க் பேசும், எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. அடி விழும் இடம் வேறு. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே போடுகிறது. வேலூர்க் கல்லூரியில் இரண்டாம் செமஸ்டரில் நடத்திவிட்ட பேப்பரை அவனுடைய பழைய கல்லூரியில் நான்காவதில் வைத்திருக்கலாம். அப்படி விடுபட்டதைப் புது கல்லூரியில் வகுப்பே இல்லாமல் தனியாக எழுதச் சொல்வார்கள். அதில் தவறினால் அதுதான் அரியர், சிஜிபிஏ இறங்குவதும் அங்கேதான். மேஜர் மட்டுமல்ல, அலைடு (துணைப்பாடம்), பார்ட் 4 (சுற்றுச்சூழல் போன்ற சிறு பாடங்கள்) பேப்பர் வரை ரெண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கிரெடிட் எண்ணிக்கையையும் பாருங்கள். பேர் ஒன்றாக இருந்தாலும் ஒன்று 4, இன்னொன்று 5 என்று இருக்கும்.

முக்கியமாக, டிசியை (மாற்றுச் சான்றிதழ்) அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் புது கல்லூரியில் அதே பிரிவில் இரண்டாம் வருஷக் காலியிடம் இருக்கிறதா என்று கேட்டு அவர்கள் சம்மதக் கடிதம், அப்புறம் பழைய கல்லூரியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), பிறகு சேர்க்காட்டில் உள்ள பல்கலையின் அனுமதி ஆர்டர். ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் டிசி. முன்னாலேயே வாங்கிவிட்டு ஆர்டர் வரவில்லை என்றால் பையன் ரெண்டு ரோலிலும் இருக்க மாட்டான். மூன்றாம் செமஸ்டர் தொடங்குவதற்குள் முடியுங்கள். ஐந்தாவதில் மாறுவது வீண் வேலை.

கணக்குப்_புலி:
மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். ஜாம் பிப்ரவரியில், அதாவது ஆறாம் செமஸ்டர் நடுவில். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். நம்ம பக்கம் பல சிலபஸில் லீனியர் அல்ஜீப்ரா ஆறாவதில்தான். குரூப் தியரி, ரியல் அனாலிசிஸ் ஐந்தாவதில். இந்த மூன்றும் ஜாமில் கனமான பகுதி. எந்தக் கல்லூரியில் இருந்தாலும் நான்காம் செமஸ்டர் விடுமுறைக்குள் அவனே படித்து முடிக்க வேண்டும். திருப்பத்தூருக்கு தினமும் ரயிலில் போய்வருவதைவிட வேலூரில் இருந்தால் அந்த நேரம் மிச்சம். மாறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

சத்துவாச்சாரி_அக்கா:
நன்றி சார். வெளிநாட்டுக்கு?

குடியாத்தம்_தபால்:
அங்கே கொஞ்சம் வேலை அதிகம். அமெரிக்கப் பல்கலைகள் பொதுவாகப் படித்த எல்லா இடத்தின் டிரான்ஸ்கிரிப்டும் கேட்கும். முதல் வருஷ மார்க் ஷீட் பழைய கல்லூரி பேரிலும் மீதி பல்கலை பேரிலும் வரும், டிகிரி சர்டிபிகேட் ஒன்றுதான். ஆகவே கிளம்பும்போதே முதல் ரெண்டு செமஸ்டருக்கு முத்திரையுடன் டிரான்ஸ்கிரிப்ட் நாலைந்து செட் வாங்கி வையுங்கள், சிலபஸ் காப்பியும் துறைத்தலைவர் கையெழுத்தோடு. பெயர், இனிஷியல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இங்கே 'கே. அருண்', அங்கே 'அருண் கே' என்று இருந்தால் சரிபார்ப்பில் மாட்டும். மாறிய காரணத்தை விண்ணப்பத்தில் ஒரே வரியில் எழுதினால் போதும், விளக்கம் நீளக் கூடாது. பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் புது கல்லூரியில் மூன்றாம் செமஸ்டரிலிருந்தே ஒரு பேராசிரியரோடு புராஜெக்ட், செமினார் என்று பழக வேண்டும். கடைசி வருஷம் போய்க் கேட்டால், 'நல்ல மாணவன்' என்று நாலு வரிதான் வரும்.

பாலாற்றங்கரை:
உதவித்தொகை வாங்கினால் யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையதளம்) பதிவில் கல்லூரி பேரை மாற்றச் சொல்லுங்கள் மேடம். சேர்ந்த வாரமே ஆபீஸில் கேளுங்கள், விட்டால் அந்த வருஷப் பணம் தொங்கும்.