காரின் விலைக்குள் எவருடைய மருந்துச் செலவு?

சீனக்குடா கராஜ்காரன்:
நேற்று ஒரு ஹயஸ் வேனுக்கு கிளட்ச் மாத்திக்கொண்டிருக்கேக்க கராஜில ரெண்டு பொடியளுக்குள்ள வாய்த்தர்க்கம். 2023இல அமெரிக்காவில போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் எண்ட மூண்டு கார்க் கொம்பனியிலயும் ஒரே நேரத்தில ஸ்ட்ரைக் நடந்ததே, அது சரியா பிழையா எண்டு.

என்ட கருத்து, பிழை. ஆறு கிழமை இழுத்து 25 வீத சம்பள உயர்வு வாங்கினவை. பிறகு போர்ட் சொன்னது, 2028 ஆகேக்க ஒரு வண்டிக்கு 900 டொலர் கூடச் செலவு எண்டு. அதை ஆர் குடுக்கிறது? வாங்கிற ஆள்தான். ஜெனரல் மோட்டர்ஸ் 2009 யூனில வங்குரோத்தானது. அதுக்கு முதல் அவங்கட ஒரு வண்டிக்குள்ள வைத்தியச் செலவு மட்டும் 1,500 டொலர் இருந்தது, ஓய்வு எடுத்த ஆக்களின்ர மருந்தையும் சேர்த்து.

நான் நாலு பொடியளை வைச்சு கராஜ் நடத்துறன். அவையின்ர சம்பளத்தில ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் எண்டு என்ட கையால ஒழுங்காக் கட்டுறன். மாதக் கடைசியில அந்தக் காசை ஒதுக்கிற கஷ்டம் குடுக்கிறவனுக்குத்தான் தெரியும்.

உவர்மலை ரீச்சர்:
தம்பி, 900 டொலரைச் சொன்ன நீங்கள் மற்றப் பாதியைச் சொல்லேல்லை. ஸ்ட்ரைக்கால வந்த புது ஒப்பந்தத்துக்கு ஜெனரல் மோட்டர்ஸ் சொன்ன கூடுதல் செலவு, 2028 வரைக்கும் 9.3 பில்லியன் டொலர், ஒரு வண்டிக்குச் சராசரியா 575. அதை அறிவிச்ச அதே நாள், 2023 நவம்பர் 29, தன்ட பங்குகளைத் திருப்பி வாங்க 10 பில்லியன் ஒதுக்கினது. தொழிலாளிக்கு நாலு வருசத்துக்கு மேல கூடுதலாக் குடுக்கப்போற காசைவிடக் கூட! பங்குக்காரருக்குக் குடுக்கிற காசும் காரின்ர விலைக்குள்ள இருந்துதானே வருது? அதைப் பற்றி உங்கட கராஜில ஆரும் சண்டை பிடிச்சதா?

என்ட அப்பா 1980 யூலையில இஞ்ச இலங்கையில நடந்த பொது வேலைநிறுத்தத்தில வேலை இழந்தவர். அந்த வருசம் 40,000 பேருக்கு மேல வேலையில இருந்து நிப்பாட்டுப்பட்டவை. எங்கட வீட்டில கனகாலம் மத்தியானச் சாப்பாடு மரவள்ளிக்கிழங்குதான். ஸ்ட்ரைக் எண்டால் என்ன விலை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லுறன்.

கிண்ணியா நானா:
ரீச்சர், அப்பாட விசயம் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்டு கேக்கிறன். இஞ்ச ஓடுற கார், வேனில கனக்க ஜப்பான். டொயோட்டாக்காரன் ஸ்ட்ரைக் அடிச்சதா நாம கேள்விப்பட்டதில்லையே?

கராஜ்காரன் தம்பிக்கும் ஒண்டு. நான் பழைய வாகனம் வாங்கி விக்கிற ஆள். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, தனியார் கார் திரும்ப வர 2025 பெப்ரவரி ஆச்சு. அந்த அஞ்சு வருசத்தில நான் வித்த ஆல்ட்டோவ ரெண்டு வருசம் ஓடிப்போட்டு, வாங்கின விலைக்கு மேல வித்தவங்க இருக்காங்க. அதுக்கு எந்த யூனியனும் காரணமில்ல.

உவர்மலை ரீச்சர்:
நானா, டொயோட்டாவிலயும் நடந்தது. 1950இல கொம்பனி படுத்துப்போய் ஆக்களைக் குறைக்க வெளிக்கிட, பெரிய வேலைநிறுத்தம். கடைசியில நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவியை விட்டுப் போனார். அதுக்குப் பிறகுதான் அங்க நிர்வாகமும் சங்கமும் இருந்து பேசிற பழக்கம் ஊறினது.

ஒஷாவா திருமலையான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாலையூற்றுப் பொடியன். கனடாவில ஒஷாவா பக்கம் காருக்கு சீற் செய்யிற பக்டரியில 2008 தொடக்கம் வேலை. அண்ணா சொன்ன அந்த 1,500 டொலர் வைத்தியச் செலவு எப்பிடி வந்தது எண்டதைத்தான் எழுத வந்தனான்.

ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில அமெரிக்க அரசாங்கம் சம்பளத்தைக் கூட்ட விடேல்லை. கொம்பனியள் ஆக்களைப் பிடிச்சு வைக்க வைத்தியக் காப்புறுதியைக் குடுக்கத் தொடங்கினவை. 1950இல ஜெனரல் மோட்டர்ஸும் சங்கமும் அஞ்சு வருச ஒப்பந்தம் போட்டு பென்சன், வைத்தியம் ரெண்டையும் உறுதிப்படுத்தினவை. அது தர்மம் இல்லை. இப்ப கையில தாற சம்பளத்தைக் குறைச்சு, பிறகு தாறன் எண்டு சொன்ன சம்பளம். அப்ப ஓய்வு எடுத்தவை கொஞ்சம், வேலை செய்யிறவை கனக்க. காலம் போக மெசின் வந்தது, ஜப்பான் வண்டி வந்தது, வேலையாக்கள் குறைஞ்சினம், பென்சன்காரர் கூடிட்டினம். 2005 அளவில அந்தக் கொம்பனி ஏறத்தாழ 11 இலட்சம் பேரின்ர வைத்தியத்தைச் சுமந்தது. அதாலதான் ஒரு வண்டிக்கு அவ்வளவு.

ஜப்பான்காரனுக்கு அவ்வளவு சுமை இல்லாததுக்கு ஒரு காரணம் அங்க எல்லாருக்கும் வைத்தியக் காப்புறுதி இருக்கு. எனக்கு இஞ்ச அப்பெண்டிக்ஸ் வெட்டினது, பக்டரிக்கு ஒரு சதப் பில்லும் போகேல்லை. அண்ணா, உங்கட பொடியனுக்கு டெங்கு வந்தால் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத்தானே போறான்? அந்தச் செலவை கிளட்ச் கூலியிலயா போடுறீங்கள்?

சீனக்குடா கராஜ்காரன்:
இல்லை. போடுறதெண்டால் என்னட்ட ஒருத்தரும் வரமாட்டினம். வைத்திய விசயத்தில நீர் சொல்லுறதை ஏற்றுக்கொள்ளுறன்.

ஆனா ஒரு கேள்விக்கு நேரா மறுமொழி சொல்லும். 2019இல ஜெனரல் மோட்டர்ஸில 40 நாள் ஸ்ட்ரைக். பெரிய கொம்பனி தாங்கும். உம்மப் போல சீற் செய்யிறவனுக்கு என்ன நடந்தது?

ஒஷாவா திருமலையான்:
வீட்டுக்கு அனுப்பினவை. அமெரிக்காவில இருந்து உதிரிப்பாகம் வராமல் ஒஷாவா லைன் நிண்டிட்டுது. ஸ்ட்ரைக் பண்ணினவைக்குச் சங்கத்து நிதி இருந்தது, அதில எங்களுக்கு ஒண்டும் இல்லை. வாடகைக்கு மச்சானிட்டக் கடன் வாங்கினனான். அந்த வருசக் கடைசியில ஒஷாவாவில வாகனம் செய்யிறதையே நிப்பாட்டி, 2021இலதான் திரும்பத் தொடங்கினவை. இடையில களஞ்சியத்தில பெட்டி தூக்கினனான். கோபம் வந்தது, மறைக்கேல்லை.

அப்பிடியிருந்தும் 2023இல நான் அவையின்ர பக்கம்தான். 2007 ஒப்பந்தத்தில புதுசா வாறவைக்கு ஏறத்தாழ அரைச் சம்பளம், பழைய மாதிரிப் பென்சனும் இல்லை எண்டு வைச்சவை. ஒரே லைனில, ஒரே போல்ட்டை முறுக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு சம்பளம். 2009இல விலைவாசிக்கு ஏற்ற படியையும் விட்டுக்குடுத்தவை. கொம்பனி எழும்பின பிறகு அதைத் திருப்பிக் கேக்காமல் எப்ப கேக்கிறது? பழைய பென்சன் 2023இலயும் கிடைக்கேல்லை, ஆனா படி திரும்பக் கிடைச்சது. சங்கமே இல்லாத அமெரிக்க டொயோட்டாவும் ஹொண்டாவும் அடுத்த சில கிழமையிலயே சம்பளம் கூட்டினவை. அது தற்செயலா வந்ததில்லை.

கிண்ணியா நானா:
இஞ்ச நிலைமை அதுக்கும் கீழ, தம்பி. என்ட மருமகன் துறைமுகப் பக்கம் ஒரு இடத்தில நாலு வருசம் நாட்கூலி. சேமலாப நிதிக்கு அவன்ட பேரையே பதியல. கேட்டா "நாளைக்கு வராத" எண்டு சொல்லுவாங்களாம். அவன் எந்த ஸ்ட்ரைக்க அடிக்கிறது?

சீனக்குடா கராஜ்காரன்:
அது களவு, நானா. அதில எனக்கு ரெண்டு கருத்து இல்லை. வேலையை விட்டுப் போகேக்க குடுக்கிற பணிக்கொடைக்கான சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வைச்சிருக்கிற முதலாளிக்குத்தான். எனக்கு அது கட்டாயமில்லை. ஆனா என்ட மூத்த பொடியன் ஏழு வருசமா நிக்கிறான். வருசத்துக்கு அரை மாதம் எண்டு மூண்டரை மாதச் சம்பளம் கணக்குப் பாத்து வைச்சிருக்கிறன், அவன் விட்டுப் போகேக்க குடுக்க. ஸ்ட்ரைக் விசயத்தில மட்டும் நான் மாறேல்லை. லைனை நிப்பாட்டினால் முதல்ல அடி வாங்கிறது சீற் செய்யிறவன்தான், அதை அவரே எழுதிப்போட்டார்.

உவர்மலை ரீச்சர்:
நானா, மருமகனை தொழில் திணைக்களத்தின்ர மாவட்டக் காரியாலயத்துக்குப் போகச் சொல்லுங்கோ. எந்தத் திகதியில இருந்து வேலை, நாளுக்கு எவ்வளவு, ஆர் காசு குடுத்தது எண்டு ஒரு கொப்பியில எழுதட்டும். கூட வேலை செய்யிறவை ரெண்டு மூண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போறது நல்லம். முறைப்பாட்டுக் கடிதத்தை நான் எழுதித் தாறன், சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ.