2008 ஹைலக்ஸ் டபுள் கேப்புக்குப் பழைய டொயோட்டா 5எல் டீசல் எஞ்சின் போடலாமா?

கேள்வி (கொட்டாஞ்சேனை):
வணக்கம். என்னுடையது 2008 ஹைலக்ஸ் விகோ, 3.0 லீற்றர் 1கேடி டர்போ டீசல் எஞ்சின். கிழமைக்கு மூன்று தடவை ஹட்டனுக்குச் சாமான் ஏற்றுகிறேன், வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. போன வருடம் ஒரு கராஜில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சுவது) கழற்றிப் பூட்டினார்கள். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, ஐட்லிங்கில் கடகடவென்று அடிக்கிறது. போன வாரம் கினிகத்தேனை ஏற்றத்தில் ஒயில் லைட் ஒரு தடவை எரிந்து அணைந்தது. நெஞ்சே நின்றுவிட்டது. இப்போது வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாஸ், "இந்தக் கம்ப்யூட்டர் வைத்த கொமன் ரெயில் டீசல் முறையே வேண்டாம், பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் நல்ல 5எல் ஒன்று எடுத்துப் போடுவோம்" என்கிறார். போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் (வத்தளை):
தம்பி, நான் போட்டவன். எஞ்சினில் குறையே இல்லை. ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் கிடையாது, மெக்கானிக்கல் பம்ப், ஊர் பாஸே திருத்துவார். ஆனால் அதற்கு டர்போ இல்லை. உங்கள் 1கேடி 343 நியூட்டன் மீட்டர் இழுக்கும். 5எல் சுமார் 200தான். சாமானோடு மலை ஏறினால் இரண்டாம் கியரிலேயே கிடப்பீர்கள். கியர்பொக்ஸ், மவுண்டிங், வயரிங் என்று செலவும் இழுத்துக்கொண்டே போகும். அப்புறம் எஞ்சின் நம்பர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் அதை மாற்றாவிட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

பதில் (தெஹிவளை, கராஜ் வேலை):
ஒயில் லைட் எரிந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செப்பு வொஷர் இருக்கும், பத்துச் சத நாணயத்தைவிடச் சின்னது. கழற்றினால் புதிதுதான் போடவேண்டும். பழையதையே திரும்பப் போட்டால் எரிந்த காற்று அதைத் தாண்டி மேலே வந்து ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்ப்பில் இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால் ஒயில் ஏறாது. ஸ்டார்ட்டில் வைத்து ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை தள்ளுகிறதா? அடுத்தது ஸ்கேனர். எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் நான்கு சிலிண்டருக்கும் ஃபீட்பேக் பெறுமதி (ஈசியூ ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) எடுக்கச் சொல்லுங்கள். 3ஐத் தாண்டினால் அந்த இன்ஜெக்டரில் சந்தேகம். கொம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியா என்றும் பாருங்கள். இதெல்லாம் பார்க்காமல் எஞ்சினை இறக்க விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாள் கழித்து:
அண்ணா, மூடியைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. மூன்றாவது இன்ஜெக்டர் 4.6 காட்டியது, அதன் வொஷர் ஒரு பக்கம் கரியேறிப் பிளந்திருந்தது. சம்ப்பை இறக்கினோம். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்குமேல் கறுப்புக் களிபோல் அடைத்திருந்தது, விரலால் தொட்டால் மணல்போல் நறநறத்தது. கொம்ப்ரஷன் நான்கிலும் சரி. நான்கு வொஷரும் புதிது, ஒரு இன்ஜெக்டர் மாற்றினோம், ஒயிலும் மாற்றினோம். புகை இல்லை, அடிப்பும் இல்லை. 5எல் வேண்டாம் என்று பாஸிடம் சொல்லிவிட்டேன். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் சம்ப்பை இன்னொரு தடவை இறக்கிப் பார்க்கப் போகிறேன்.

பதில் (தெஹிவளை):
சரி தம்பி. அதுவரை சாமானைக் குறைத்து ஏற்றுங்கள்.