உறைபனி இல்லாத நாள்கள் 95 மட்டுமே: எந்தத் தக்காளி, எப்போது நடுவது?

வெண்பனி:
வணக்கம் நண்பர்களே. கடைசி உறைபனிக்கும் அடுத்த பருவத்தின் முதல் உறைபனிக்கும் நடுவே இங்கே சுமார் 95 நாள்தான். நடுக்கோடையில் பகலில் 23–25 டிகிரி, இரவில் 9–11 டிகிரி (எல்லாம் செல்சியஸ்). விதைப் பாக்கெட்டில் 75 நாள் என்று போட்ட ரகம். செடி உயரமாக வளர்கிறது, முதல் பூக்கொத்து உதிர்ந்துவிடுகிறது, பிறகு பிடிக்கும் காய்கள் பச்சையாக இருக்கும்போதே உறைபனி வந்துவிடுகிறது.

75 நாள் ரகம் 95 நாளில் ஏன் பழுப்பதில்லை? நாற்றை வீட்டுக்குள் எத்தனை வாரம் வைத்திருக்கலாம்? பூ உதிர்வதற்கு உரக்குறைவு காரணமா? பசுங்குடில் கட்ட இடமில்லை. நிலாக்கூடாரம் (வளைவுக்கம்பிகள் மேல் பாலித்தீன் தாள் போர்த்திய தாழ்வான கூடாரம்), மூடுதுணி (செடி மேல் போர்த்தும் மெல்லிய துணி) மாதிரி ஏற்பாடுகள் செய்யலாம்.

வேர்முடிச்சு:
பாக்கெட்டில் உள்ள நாள் கணக்கு, நாற்றை நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரை. விதைத்த நாளிலிருந்து அல்ல. அதுவும் நல்ல வெதுவெதுப்பான இடத்துக்கான கணக்கு. தக்காளிக்கு நாள்காட்டி தெரியாது, வெப்பம்தான் தெரியும்.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 10ஐக் கழியுங்கள். 10 டிகிரிக்குக் கீழே தக்காளி கிட்டத்தட்ட வளர்வதே இல்லை என்பதால் அந்தக் கழிவு. பகல் 29, இரவு 18 என்றிருக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு 13.5 கிடைக்கும். 75 நாளில் சுமார் 1,010. உங்கள் இடத்தில் பகல் 24, இரவு 10 என்றால் ஒரு நாளைக்கு 7தான். அதே 1,010ஐச் சேர்க்க 144 நாள் வேண்டும். 95 நாளில் பச்சைக்காயாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது 55 நாள் ரகத்துக்குப் போடுங்கள்: தேவை சுமார் 740, அதாவது 106 நாள். குறுகிய கால ரகத்தை மட்டும் நம்பினாலும் பத்து நாள் இடிக்கிறது. மூடுதுணி, கருப்புத் தாள், நிலாக்கூடாரம் எல்லாம் சேர்ந்து சராசரியை 3 டிகிரி உயர்த்தினால் ஒரு நாளைக்கு 10 ஆகும். 74 நாளில் முதல் பழம். கணக்கு துல்லியமானதல்ல. ஆனால் எதில் உழைக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடும்: ரகம் பாதி, வெப்பம் சேர்ப்பது மறுபாதி.

ரகங்கள்: ஸ்டூபிட்சே (செக் நாட்டு ரகம், உருளைக்கிழங்கு இலை போன்ற அகன்ற இலை, குளிரிலும் காய்க்கும்), கிளேசியர், சப் ஆர்க்டிக் பிளென்டி. ஒரேகன் ஸ்பிரிங், சைலெட்ஸ் இரண்டும் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானவை. மகரந்தச் சேர்க்கை நடக்காவிட்டாலும் விதையில்லாக் காய் பிடிக்கும் குணம் உண்டு. உங்கள் குளிர் இரவுகளுக்கு இந்தக் குணம் பெரிய வரம். செர்ரி வகையில் சன்கோல்ட். காய் சிறியது என்பதால் பூவிலிருந்து பழத்துக்குச் சீக்கிரம் வரும். கால் கிலோ எடைக்கு வரும் பெரிய பழ ரகங்களை இந்த வெப்பத்தில் தொடாதீர்கள்.

நாற்றுத்தட்டு:
நாற்றுப் பகுதியை நான் சொல்கிறேன். நடும் நாளுக்கு 8 வாரம் முன்பு விதையுங்கள். ஆழம் அரை சென்டிமீட்டர் போதும். விதைக்கும் மண்கலவை 25–27 டிகிரியில் இருந்தால் 5 முதல் 8 நாளில் முளைக்கும். 15 டிகிரியில் இரண்டு வாரம் இழுக்கும், நாற்றழுகலும் சேர்ந்துகொள்ளும்.

முளை தலைகாட்டிய அன்றே சூடாக்கும் விரிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பகல் 18–21, இரவு 16 டிகிரி. ஒளி 14–16 மணி நேரம். சன்னல் வெளிச்சம் மட்டும் போதாது. சூடு அதிகம், ஒளி குறைவு என்ற சேர்க்கைதான் நாற்றை நூலாக நீட்டுகிறது.

வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலை) விரிந்து, முதல் உண்மை இலை (அடுத்து வரும் தக்காளி இலை) எட்டிப்பார்க்கும் கட்டத்தில், நல்ல ஒளியோடு 11–13 டிகிரியில் இரண்டு, மூன்று வாரம் வைத்தால் தண்டு தடிக்கும், முதல் பூக்கொத்து கீழ்க்கணுவிலேயே வரும், அதில் பூவும் கூடுதலாக இருக்கும். வளர்ச்சி அந்த நாள்களில் மெதுவாகும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகவே விதைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு இந்தக் குளிர் வேண்டாம். பூமொட்டு உருவாகும் சமயத்தில் குளிரடித்தால் காய் தழும்பும் மடிப்புமாக உருக்குலைந்து வரும்.

இரண்டு உண்மை இலை வந்ததும் குழித்தட்டிலிருந்து 10 செ.மீ. தொட்டிக்கு, வித்திலை வரை புதைத்து மாற்றுங்கள். வேர் தொட்டிச் சுவரைத் தொட்டுச் சுற்றத் தொடங்கும் முன்பே 3–4 லிட்டர் தொட்டிக்கு. உரம் வாரம் ஒரு முறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி.

கரிசல்:
8 வாரம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 6 வார நாற்று நட்டதும் பிடித்துக்கொள்ளும். 8, 9 வார நாற்று நட்ட பிறகு பத்து நாள் அசையாமல் நிற்கும். வேர் சுருண்ட நாற்றை நட்டால் மிச்சப்படுத்திய இரண்டு வாரமும் அங்கேயே போய்விடும்.

நாற்றுத்தட்டு:
@கரிசல், 10 செ.மீ. தொட்டியிலேயே வைத்திருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, 6 வாரத்தைத் தாண்டக் கூடாது. வயதைவிட வேருக்கு இருக்கும் இடம்தான் முக்கியம். 4 லிட்டர் தொட்டியில் வேர் கலையாமல் மண்கட்டியோடு இறக்கினால் 8 வார நாற்று, பூமொட்டோடு இருந்தாலும் தயங்காது. பெரிய தொட்டிகளுக்கு வீட்டில் வெளிச்சமான இடம் இல்லாதவர்கள் 6 வாரத்திலேயே நிற்கட்டும். சின்னத் தொட்டியில் இருக்கும்போதே காய் பிடித்திருந்தால் கிள்ளிவிட்டு நடுங்கள். அந்த ஒரு காய் செடியை அப்படியே நிறுத்திவிடும்.

வெளியே பழக்குவதற்கு 7–10 நாள். முதல் நாள் காற்றில்லாத நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, நான்காம் நாளுக்கு மேல் காலை வெயில். அவசரப்பட்டால் இலையில் வெள்ளைத் திட்டுகள் வரும். அது நோயல்ல, வெயில் சுட்டது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுங்கள்.

கரிசல்:
சரி, தொட்டி அளவு பற்றிச் சொன்னது நியாயம். இனி மண்.

உறைபனி முடிந்துவிட்டது என்பதற்காக நடக் கூடாது. மண் வெப்பமானியை 10 செ.மீ. ஆழத்தில் செருகிக் காலையில் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து 15 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் நடலாம். 11, 12 டிகிரி மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும். மண்ணில் மணிச்சத்து நிறைய இருந்தாலும் இதே கதைதான். அப்போது உரத்தைக் கொட்டிப் பயனில்லை, மண் சூடானால் தானே சரியாகும். இரண்டு வாரம் முன்னதாக நட்டவர் செடியும், காத்திருந்து நட்டவர் செடியும் ஒரே வாரத்தில் பூப்பதுண்டு. முன்னதாக நட்ட செடிதான் பெரும்பாலும் மெலிந்திருக்கும்.

மண்ணைச் சூடாக்க: 20–30 செ.மீ. உயர்த்திய பாத்தி. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கருப்புப் பாலித்தீன் தாள். தாள் மண்ணை ஒட்டி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இடையில் காற்று இருந்தால் தாள் மட்டும் கொதிக்கும், மண் குளிர்ந்தே கிடக்கும். நிறமில்லாத தாள் இன்னும் வேகமாகச் சூடாக்கும், ஆனால் அடியில் களை காடாக வளரும். வைக்கோல் மூடாக்கு இப்போது கூடவே கூடாது, அது குளிரை மண்ணுக்குள்ளேயே பூட்டிவைக்கும். காய் பிடித்து மண் 20 டிகிரியைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் பரப்புங்கள்.

நாற்று நீண்டிருந்தால் ஆழக்குழி தோண்டாதீர்கள், கீழே போகப்போக மண் குளிர். 6–8 செ.மீ. ஆழத்தில் நீளவாக்கில் சால் எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, தண்டைப் படுக்கவைத்து நுனியை மட்டும் மேலே திருப்பிவிடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். ஒட்டு நாற்றுக்கு இது பொருந்தாது. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாமல், பீப்பாயில் வெயிலில் வைத்து, முற்பகலில் ஊற்றுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கட்டும். அதிகமானால் கிளை கிளையாக வளர்ந்து பூ தள்ளிப்போகும்.

வெண்பனி:
மிக்க நன்றி. நிலாக்கூடாரத்துக்குள் இரவில் வெளியே இருக்கும் அதே குளிர்தான் இருக்கிறது. தாள் மெல்லியது என்பதாலா? செடியைச் சுற்றி வைக்கும் தண்ணீர்க் குழாய் வளையம் வாங்குவது பயனுள்ளதா?

கரிசல்:
தடிமன் காரணமல்ல. சாதாரணப் பாலித்தீன் வழியாக மண்ணின் வெப்பக் கதிர் இரவில் வெளியேறிவிடும். மேகமில்லாத இரவில் இது இன்னும் மோசம். சூரியன் இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கூடாரத்தை மூடிச் சூட்டைப் பிடித்துவையுங்கள். உறைபனி எச்சரிக்கை உள்ள இரவில் தாளின் மேல் சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள மூடுதுணியைப் போடுங்கள், விளிம்பை மண்ணால் அழுத்துங்கள். துணி மட்டும் போட்டால் ஏறத்தாழ 2 டிகிரி காப்பு. துணி இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும், ஆகவே வளைவுக்கம்பி அவசியம்.

தண்ணீர் வளையம் நல்ல பொருள். நடும் ஒரு வாரம் முன்பே இடத்தில் நிறுத்துங்கள், மண்ணும் சூடாகும். பகலில் தண்ணீர் சூட்டை வாங்கி இரவில் விடும். உண்மையான பலம் உறையும்போது: 10 லிட்டர் தண்ணீர் முழுதும் பனிக்கட்டியாவதற்குள் 0.9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியிடும். அது நடக்கும்வரை உள்ளே செடி பிழைத்துக்கொள்ளும். நுனி வளையத்துக்கு மேலே வந்து, இரவும் 10 டிகிரியில் நிலைத்தால் கழற்றிவிடலாம்.

பகலில் கவனம். உள்ளே 27 டிகிரி ஆனதும் இரு முனையையும் திறங்கள். 32ஐத் தாண்டினால் மகரந்தம் கெடும். குளிர் நாட்டில் பூ உதிர்வதற்கு மூடியே கிடக்கும் கூடாரமும் ஒரு காரணம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மகரந்தம்:
பூ உதிர்வைப் பற்றி: உரம் காரணமல்ல. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. உங்கள் 9–11 டிகிரியில் முதல் கொத்து உதிர்வது இயல்பே. இரவில் மூடிவைப்பதுதான் முதல் மருந்து.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும், ஆனால் அதிர்வு வேண்டும். மூடிய கூடாரத்தில் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. காலை 10 மணிக்கு மேல், பூ உலர்ந்த பிறகு, கொத்தின் காம்பை மின்பல்துலக்கியின் பின்புறத்தால் ஓரிரு விநாடி தொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். உள்ளே ஈரம் சொட்டினால் மகரந்தம் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் திறந்து காற்றாடவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

கவாத்து: குட்டை ரகத்தில் பக்கத்தளிரைக் கிள்ள வேண்டாம், கிள்ளினால் காயைக் கிள்ளுவது போலத்தான். படரும் ரகத்தை ஒற்றைத் தண்டாக ஊன்றுகோலில் கட்டி, மூன்று நான்கு கொத்தோடு நிறுத்துங்கள்.

வேர்முடிச்சு:
அந்த நிறுத்தும் தேதி முக்கியம். முதல் உறைபனிக்கு 5–6 வாரம் முன்பு, கடைசிக் கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்தக் குளிரில் அவை முழு அளவுக்கே வராது.

பழம் சிவக்க வெயில் படத் தேவையில்லை, வெப்பம்தான் தேவை. ஆகவே இலைகளை மொட்டையடிக்காதீர்கள். காயின் அடியில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்ததும் பறித்து 18–21 டிகிரியில் உள்ளே வைத்தால், செடியில் பழுத்த சுவைக்குப் பெரிதாகக் குறையாது. உறைபனிக்கு முதல் நாள் மிச்சத்தையும் பறியுங்கள். ஒரு பச்சைக்காயை வெட்டிப் பாருங்கள்: உள்ளே கொழகொழப்பு இருந்து, விதை கத்தியில் அறுபடாமல் நழுவினால் அந்த அளவுக் காய்கள் பழுக்கும். விதை அறுபட்டால் பழுக்காது. ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல், கூடவே ஒரு வாழைப்பழம் வைத்து அடுக்குங்கள். மெதுவாகப் பழுக்க வேண்டுமென்றால் 13–15 டிகிரி. குளிர்பெட்டி கூடாது, 10 டிகிரிக்குக் கீழே பழுக்கும் திறனே போய்விடும்.

குளிரும் ஈரமுமான வாரங்களில் பின்பருவ இலைக்கருகல் வரும். இலையில் எண்ணெய் பட்டது போன்ற கரும்திட்டு, அடியில் வெண்பூசணம். பக்கத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தால் அங்கிருந்தும் தொற்றும். கண்ட செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தச் செடியின் பச்சைக்காயை மற்றவற்றோடு சேர்த்து அடுக்காதீர்கள், உள்ளேயும் பழுப்புத் திட்டு பரவும்.

வெண்பனி:
கடைசியாக ஒன்று. தரைக்குப் பதில் கருப்புத் தொட்டியில் வைத்தால் மண் சீக்கிரம் சூடாகுமா?

நாற்றுத்தட்டு:
ஆகும், ஆனால் இரவில் அதே வேகத்தில் குளிரும். குறைந்தது 20 லிட்டர் தொட்டி, குட்டை ரகம், நாள் முழுக்க வெயில் வாங்கும் கல்சுவரை ஒட்டி வையுங்கள், சுவரின் சூடு இரவில் உதவும். காய் பிடித்த பிறகு தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் காயின் நுனி அழுகல் வரலாம், தரையைவிடத் தொட்டியில் இது அதிகம். உறைபனி இரவுகளில் உள்ளே தூக்கிவைக்க முடிகிற எண்ணிக்கையில் மட்டும் தொட்டி வையுங்கள், மற்றதைத் தரையில் நடுங்கள்.