கிம்ப்பில் படம் திறக்கவில்லை, அவசரம்!

குறிஞ்சி (கத்ர போர்ன், மொரிஷியஸ்)
வணக்கம். தைப்பூசக் காவடிச் சுவரொட்டிக்காக வேல் படம் ஒன்றைக் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் பிழை காட்டுகிறது. நாளைக் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுத் தலைப்பும் அதன் கீழே சிறியதாகத் தமிழும் போட்டாகிவிட்டது, படம்தான் பாக்கி. யாராவது சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் மணி
என்ன பிழை? கிம்ப் எந்தப் பதிப்பு? படம் எங்கே கிடைத்தது?

வாக்வா அண்ணன்
கோப்புறையின் பெயரில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து இருக்கிறதா தம்பி? பாதித் தொல்லை அதனால்தான். மாற்றிப் பாருங்கள்.

குறிஞ்சி
மாற்றினேன் அண்ணா, அதேதான். ஜேபெக் படம், இணையத்தில் எடுத்தது. உலாவியில் நன்றாகத் தெரிகிறது.

பழம்பயனர்
பிழைச்செய்தியைத் தராமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது? அப்படியே எழுதுங்கள்.

குறிஞ்சி
'ஜேபெக் கோப்பு அல்ல: 52 49 என்று தொடங்குகிறது' என்ற பொருளில் வருகிறது ஐயா.

பழம்பயனர்
விடையே அதில்தான் இருக்கிறது, படித்தால் தெரியும். ஜேபெக் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், டி8. 52 49 என்றால் ஆர், ஐ என்ற எழுத்துகள். 'ரிஃப்' என்ற சொல்லின் தொடக்கம் அது. வெப்பி என்ற பட வகைக் கோப்புகள் அப்படித்தான் தொடங்கும். பெரும்பாலும் இதுவும் வெப்பி படம், பின்னொட்டை (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வருவதை) மட்டும் யாரோ ஜேபிஜி ஆக்கியிருக்கிறார்கள். உலாவி கோப்பின் உள்ளே பார்க்கிறது. உங்கள் கிம்ப் பின்னொட்டை நம்புகிறது. அதை வெப்பி என்று மாற்றுங்கள்.

செம்பருத்தி
படம் இருக்கட்டும். காவடிக்குத் தமிழ் ஏன் கீழே, அதுவும் சிறியதாக? 1998-இல் நம் மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் எதிர்த்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். இன்று நாமே இறக்குகிறோம்.

வாக்வா அண்ணன்
ரூபாய்த் தாளும் சுவரொட்டியும் ஒன்றா அம்மா? என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். எத்தனை மணிக்குப் பூசை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

செம்பருத்தி
மேலே பெரியதாகப் போட்டுப் பழக்கினால் தானாகப் படிப்பார்கள்.

குறிஞ்சி
பின்னொட்டை மாற்றினேன். இப்போது 'தெரியாத கோப்பு வகை' என்கிறது. பதிப்பு 2.8. கோவில் கணினி, பழையது.

ரோஸ்ஹில் மணி
இதைத்தானே முதலிலேயே கேட்டேன்! 2.8-க்கு வெப்பி தெரியாது. 2018-இல் வந்த 2.10-இல்தான் அந்த வசதி சேர்ந்தது. அதை நிறுவுங்கள்.

பழம்பயனர்
பதிப்பு எண்ணை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். மொழிச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

குறிஞ்சி
2.10 போட்டேன். படம் வந்துவிட்டது. நன்றி.

ரோஸ்ஹில் மணி
ஒரு நிமிடம் தம்பி. இணையத்தில் எடுத்த படம் என்றீர்களே, அகலம் எத்தனை பிக்சல்? 800 என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிடும்போது 7 சென்டிமீட்டர்கூட வராது. இழுத்துப் பெரிதாக்கினால் வேலின் முனை மழுங்கித் தெரியும். இருக்கிறீர்களா?